கடற்படையும் விமானப்படையும் ஒரே காக்பிட்டில்

விமானிகள் ஓய்வறையில் முன்னாள் போர் விமானிகள் இருவர் சேர்ந்துவிட்டால், பேச்சு கடைசியில் தரையிறக்கத்தில்தான் வந்து நிற்கும். விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் சக்கரங்கள் அதிர இறக்கி, விமானத்தின் கொக்கியால் தளத்தில் கட்டிய கம்பியைப் பிடித்து நிறுத்திப் பழகிய கடற்படைக்காரரை, நீண்ட ஓடுபாதையில் மெத்தென்று இறக்கிப் பழகிய விமானப்படைக்காரர் சீண்டாமல் விடமாட்டார்; கடற்படைக்காரரோ, “இருட்டில், ஆடும் கப்பலில் இறக்கிவிட்டு வந்து பேசு” என்பார். பயிற்சிப் பள்ளியிலிருந்து நேரே வந்த என்னைப் போன்றவர்களை இருவரும் கூட்டுச் சேர்ந்து சீண்டுவார்கள்.

இந்தப் போட்டி காக்பிட் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடும் என்பதற்கு 2018 ஏப்ரல் 17ஐவிட நல்ல சான்றை நான் அறியேன். நியூயார்க்கிலிருந்து டல்லாஸுக்கு 149 பேருடன் பறந்த சவுத்வெஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 1380 எண் விமானத்தின் இடது இன்ஜினில் விசிறித் தகடு ஒன்று முறிந்தது. சிதறிய பாகம் பட்டு ஜன்னல் உடைந்து, உள்ளேயிருந்த காற்றழுத்தமும் போயிற்று. கேப்டன் டாமி ஜோ ஷல்ட்ஸ் கடற்படையில் எஃப்/ஏ-18 போர் விமானம் ஓட்டியவர். துணை விமானி டேரன் எல்லிசர் விமானப்படையிலிருந்து வந்தவர். அந்த நொடியில் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் எல்லிசர்தான். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாத அந்த இரைச்சலில், இருவரும் கைச் சைகையால் பேசிக்கொண்டார்கள். பிறகு ஷல்ட்ஸ் கட்டுப்பாட்டை ஏற்று, பிலடெல்பியாவில் இறக்கினார். ஒரு பயணி உயிரிழந்தார் என்பதை மறக்கவே முடியாது. மற்ற 148 பேரும் பிழைத்தார்கள்.

தனி இருக்கை விமானத்தில் எல்லாவற்றையும் தானே முடிவுசெய்து பழகியவருக்கு, பக்கத்து இருக்கையின் கையசைவை நம்புவது எளிதில் வருவதல்ல. அதனால்தான், ஒவ்வொரு முறை சிமுலேட்டரில் அமரும்போதும், அந்தச் சைகைகளை நான் நினைத்துக்கொள்கிறேன்.