குழாய்க்கு வயது அதிகம்

லண்டனில் எழும் புதிய குடியிருப்புகளுக்கு வெப்பமும் மின்சாரமும் எங்கிருந்து வரவேண்டும் என்று திட்டமிடுவது என் வேலை. அந்த ஊரில் ஒரு வீட்டின் ஆற்றலில் பெரும்பகுதி அறைகளைச் சூடாக்கவும் குளிக்கும் நீரைச் சுடவைக்கவுமே போகிறது. ஆகவே கட்டுவதற்கு அனுமதி கேட்கும்போதே, அதனால் எவ்வளவு கரியமில வாயு வெளியேறும் என்று கணக்குக் காட்டும் ஆற்றல் அறிக்கை ஒன்றையும் உள்ளாட்சி மன்றத்திடம் கொடுத்தாக வேண்டும். 2003-இல் தெற்கு லண்டனின் மெர்ட்டன் மன்றம், பெரிய வணிகக் கட்டடங்கள் தங்கள் ஆற்றலில் 10 சதவீதத்தையாவது அங்கேயே புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறவேண்டும் என்று விதித்தது. 2011-இல் வந்த லண்டன் பெருநகரத் திட்டம், நகரின் வெப்பத்திலும் மின்சாரத்திலும் கால்பங்கு 2025-க்குள் உள்ளூர் ஏற்பாடுகளிலிருந்து வரவேண்டும் என்று எதிர்பார்த்தது.

2014-இல், கிழக்கு லண்டனில் சுமார் 900 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்புக்கு நான் அறிக்கை எழுதினேன். அடித்தளத்தில் ஓர் எரிவாயு எஞ்சின் மின்சாரம் உற்பத்தி செய்யும். அதன் கழிவு வெப்பம் 80 பாகை (டிகிரி செல்சியஸ்) வெந்நீராகக் குழாய்களில் ஏறி எல்லா வீடுகளுக்கும் போகும். அன்று அதுதான் சரியான விடை என்று உண்மையாகவே நம்பினேன்.

அந்த நம்பிக்கை நின்றது ஒரே ஓர் எண்ணின் மீது என்பதால், கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 100 யூனிட் எரிவாயுவை எரித்தால் 21.6 கிலோ கரியமில வாயு வெளியேறும். எஞ்சின் அதிலிருந்து ஏறக்குறைய 35 யூனிட் மின்சாரமும் 45 யூனிட் வெப்பமும் தரும். அரசின் அன்றைய கணக்கு முறைப்படி நாட்டின் பொது மின்தொகுப்பிலிருந்து வரும் ஒரு யூனிட்டுக்கு 0.519 கிலோ, எனவே அந்த 35 யூனிட் மின்சாரம் 18.2 கிலோவைத் தவிர்ப்பதாகக் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் 3.4 கிலோதான் வெப்பத்தின் பங்கு. அதே வெப்பத்தைச் சாதாரண பாய்லர் தந்தால் 10.8 கிலோ, ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு காற்றின் வெப்பத்தையும் சேர்த்து மூன்று பங்கு வெப்பம் தரும் ஹீட் பம்ப் தந்தால் 7.8 கிலோ. எஞ்சின் வென்றது.

மின்தொகுப்பு அத்தனை அழுக்காக இருந்ததற்குக் காரணம் நிலக்கரி. காற்றாலைகள் பெருகப் பெருக நிலக்கரி பின்வாங்கியது; 2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனின் கடைசி நிலக்கரி அனல்மின் நிலையமான ராட்க்ளிஃப் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகளில் அந்த எண் 0.136 ஆகக் குறைந்திருந்தது. புதிய எண்ணைப் போட்டுப் பார்த்தால் எஞ்சினின் வெப்பத்துக்கு 16 கிலோவுக்கு மேல், ஹீட் பம்புக்கு 2 கிலோ. மின்தொகுப்பு மாறியே தீரும் என்பது, நாட்டின் வெளியேற்றத்தைப் பெருமளவு குறைக்கச் சொன்ன 2008-ஆம் ஆண்டின் காலநிலை மாற்றச் சட்டத்திலிருந்தே தெரிந்திருந்தது. விதி கேட்ட எண்ணை நான் எழுதினேன். அந்த எஞ்சின் ஓடப்போகும் பதினைந்து ஆண்டுகளுக்கு அந்த எண் என்னவாகும் என்று ஒரு பக்கமாவது எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

இன்னொரு தவற்றை எனக்குக் காட்டியவர் மூன்றாம் தளத்தில் குடியிருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. 2022 கோடையில் புகார்களைப் பார்க்கப் போயிருந்தேன். நடைபாதைக் கூரைக்குள் 80 பாகை வெந்நீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. போர்த்தியிருந்த காப்புறையையும் மீறி வெப்பம் கசிந்து, ஜன்னல் இல்லாத அந்த நடைபாதை புழுங்கியது. "நான் ஹீட்டரைப் போடுறதே இல்லைத் தம்பி, அப்ப என்னத்துக்கு மாசாமாசம் இவ்வளவு காசு கேக்கிறாங்கள்?" என்றார். குழாயில் வீணாகும் வெப்பத்துக்கும் அவர்தான் பணம் கட்டிக்கொண்டிருந்தார். மற்ற வீடுகளின் எரிவாயுவுக்கு இருந்த விலை உச்சவரம்பு, இப்படிப் பொதுக் குழாயில் வெப்பம் பெறும் வீடுகளுக்கு அப்போது இல்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது: நீர் இவ்வளவு சூடாகப் போக வேண்டிய அவசியமே இல்லை, அம்மா.

அதன் பிறகு மத்திய லண்டனின் பிம்லிகோ பகுதியைப் பற்றி நிறைய யோசித்தேன். தேம்ஸ் நதிக்கு அக்கரையிலிருந்த பேட்டர்சி அனல்மின் நிலையத்தின் கழிவு வெப்பத்தை நதிக்கடியில் கொண்டுவந்து, 1950-இல் அங்கே வீடுகளைச் சூடாக்கத் தொடங்கினார்கள். 1983-இல் பேட்டர்சி நின்றுபோனது. குழாய்கள் நிற்கவில்லை, வேறு பாய்லர்களின் வெந்நீரைச் சுமந்தபடி இன்றும் வேலை செய்கின்றன. இஸ்லிங்டனின் பன்ஹில் பகுதியில் 2012-இல் எரிவாயு எஞ்சினோடு தொடங்கிய வெப்பக் குழாய் வலையமைப்பு, 2020-இல் சுரங்க ரயிலின் வெப்பத்தோடு இணைந்தது. 1922-இல் மூடப்பட்ட சிட்டி ரோடு நிலையத்தின் காற்றோட்டக் குழியிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றை உறிஞ்சி, ஹீட் பம்ப் அதை 80 பாகை வெந்நீராக்குகிறது. கோடையில் அதே விசிறியைத் திருப்பிச் சுழற்றிச் சுரங்கத்துக்குக் குளிர்ந்த காற்று அனுப்பலாம். எஞ்சினுக்குப் பதினைந்து ஆண்டு, குழாய்க்கு ஐம்பதுக்கு மேல். இயந்திரங்கள் மாறும், குழாயின் சூட்டுக்கு அவைதான் ஈடுகொடுக்க வேண்டும். முதலில் கேட்கவேண்டியது எந்த இயந்திரம் என்பதல்ல, குழாயில் எத்தனை பாகை என்பது.

ஆகவே இப்போது என் அறிக்கைகள் வெப்பநிலையிலிருந்து தொடங்குகின்றன. 55 பாகையில் வீடு சூடாகும்படி ரேடியேட்டர்களைப் பெரிதாக்கச் சொல்கிறேன். கிடைக் குழாய்களைக் குறைத்து, செங்குத்துக் குழாய்களை வீடுகளுக்கு அருகில் வைக்கச் சொல்கிறேன். கூரையில் ஹீட் பம்புக்கும், தெருவில் மின்மாற்றிக்கும், வருங்காலத்தில் பக்கத்து வலையமைப்போடு இணைய ஒரு குழாய்த் தடத்துக்கும் இடம் ஒதுக்கக் கேட்கிறேன். விற்கக்கூடிய சதுர அடி குறைகிறது என்று கட்டுநர்கள் எதிர்ப்பார்கள். இந்தச் சண்டையைத் திட்ட அனுமதிக்கு முன்பே போட்டுவிட வேண்டும். கான்கிரீட் ஊற்றிய பின் கேட்டால் ஒரு அடிகூடக் கிடைக்காது.

அந்த 900 வீடுகளின் எஞ்சின் இப்போது ஓடுவதில்லை. கூரையில் ஹீட் பம்புகள் வைக்கலாம், ஆனால் 80 பாகைக்கு ஏற்றவேண்டியிருந்தால் அவை மின்சாரத்தை அளவுக்கு மீறித் தின்னும். அதனால் குழாயின் சூட்டைக் குறைப்பதற்காக வீடு வீடாகப் போய் வால்வுகளைச் சரிசெய்து, வீட்டுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீர் எத்தனை பாகையில் திரும்புகிறது என்று அளந்துகொண்டிருக்கிறோம். மூன்றாம் தளத்தில் அது 61-லிருந்து 44-க்கு இறங்கியிருக்கிறது. நான்காம் தளத்தை அடுத்த வாரம் தொடங்குகிறோம்.