படிக்கிறது பையன், பணம் கட்டறது அப்பா

எட்டெக், அதாவது ஆன்லைன்ல பாடம் நடத்துற கம்பெனியில மார்க்கெட்டிங் வேலைன்னா போஸ்டர் டிசைன் பண்றதுன்னு எங்க சித்தப்பா இன்னும் நினைச்சிட்டிருக்கார். என் பொழுது போறது லீட் ஷீட்டோடதான், அதாவது சேரலாமான்னு விசாரிச்சவங்க பட்டியலோட. டெமோ கிளாஸுக்கு யார் பேர் கொடுத்தாங்க, யார் பாதியில கழண்டுக்கிட்டாங்க, ஒரு அட்மிஷனுக்கு விளம்பரச் செலவு எவ்வளவு.

பையனுக்கு இன்ஸ்டாகிராம் ரீல், அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல ஃபீஸ், ரீஃபண்ட் விவரம்னு ரெண்டு பேச்சு பேசணும். ஒரு அம்மா போன்ல கேட்டாங்க: "தம்பி, ராத்திரி சந்தேகம் வந்தா புள்ள யார்கிட்ட கேக்கும்?" அதையே அடுத்த விளம்பரத்துக்குத் தலைப்பா வெச்சோம். நான் மண்டையைக் குடைஞ்சு எழுதின வரிகளை விட அதுக்குத்தான் போன் வந்துச்சு.

எங்க துறையிலேயே பெரிய பேரான பைஜூஸ் 2019ல இந்திய கிரிக்கெட் ஜெர்ஸியில ஏறிச்சு, 2022ல கால்பந்து உலகக் கோப்பைக்கு ஸ்பான்சர். அதே வருஷம்தான் சுமார் 2,500 பேரைக் குறைக்கப் போறதா அறிவிப்பு. 2024ல திவால் நடவடிக்கை. இன்னொரு எட்டெக் கம்பெனியான ஃபிசிக்ஸ்வாலா வளர்ந்ததோ யூடியூப் பாடத்துல. இலவசமா ஒரு நல்ல பாடம் போட்டா பாதி விளம்பரம் முடிஞ்சுதுங்கிறது என் கட்சி (எங்க மேனேஜர் கட்சி வேற).

இந்த வேலைக்கு வர்றவங்க எம்பிஏ முடிச்சிருந்தாலும் முதல்ல அட்மிஷனுக்காகப் பெத்தவங்ககிட்ட பேசுற கவுன்சலர் பக்கத்துல உக்காந்து போன் எடுங்க. பிளஸ் டூ ரிசல்ட் வாரத்துல லீவு மட்டும் கேட்காதீங்க.