மலிவாகத் தெரிந்த ஜாப்கள்

ஒரு ஜாபுக்கு, அதாவது வாடிக்கையாளர் தரும் ஒரு வேலைக்கு, விலை சொல்லும் கொட்டேஷன் போடும்போது மூலப்பொருளும் கூலியும் தகராறு செய்வதில்லை. பொருள் எடுத்ததைக் காட்டும் ஸ்டோர்ஸ் சீட்டும் வேலை நேரத்தைக் காட்டும் ஜாப் கார்டும் இருந்தால் அவை எந்த ஜாபில் சேரும் என்பது தெரிந்துவிடும். வாடகை, மின்சாரம், தேய்மானம், சூப்பர்வைசர் சம்பளம் போன்ற மேற்செலவுகள்தான் எந்த ஜாபின் தலையிலும் நேராக விழாது.

நான் வேலை பார்த்த பட்டறையில் வழி எளிது. ஆண்டு மேற்செலவு பட்ஜெட்டை ஆண்டின் ஆள் மணிகளால் (தொழிலாளர்கள் வேலை செய்யும் மொத்த மணிநேரம்) வகுத்து, வந்த விகிதத்தை எல்லா ஜாபுக்கும் போடுவார்கள். கைவேலைக் காலத்தில் அது பொருந்தியது. கணினி இயக்கும் சி.என்.சி. மெஷின்கள் வந்த பிறகும் யாரும் அதைத் தொடவில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு. மேற்செலவு 12,00,000 ரூபாய், ஆள் மணி 10,000 என்றால் மணிக்கு 120. 20 ஆள் மணியும் 2 மெஷின் மணியும் பிடிக்கும் ஜாப் 2,400 சுமக்கும். 4 ஆள் மணியும் 18 மெஷின் மணியும் பிடிப்பது வெறும் 480. இதே 12 லட்சத்தில் 9 லட்சம் மெஷின்களுக்காக ஆகிறது, அவை 6,000 மணி ஓடுகின்றன என்று பிரித்துப் பாருங்கள். மெஷின் மணிக்கு 150, மீதிக்கு ஆள் மணிக்கு 30. முதல் ஜாப் 900, இரண்டாவது 2,820!

விலையை நாம் சொல்வதாக நினைப்போம். ஆர்டரைத் தேர்ந்தெடுப்பதோ அந்த விகிதம். கைவேலை ஆர்டர்கள் போட்டியாளரிடம் போயின, மெஷின் ஆர்டர்கள் குவிந்தன. விற்பனைப் பிரிவுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் ஆள் மணி குறைந்ததால், ஜாப்களில் ஏறிய மேற்செலவு உண்மையில் ஆனதைவிடக் குறைவாக நின்றது. அந்தப் பாக்கியை ஆண்டு இறுதியில் விற்ற சரக்கின் அடக்கத்தில் மொத்தமாகத் தள்ளினார்கள்; எந்த ஜாப் தின்றது என்று யாருக்கும் தெரியாது. அப்புறம், குறைந்த ஆள் மணியால் வகுத்ததில் அடுத்த ஆண்டு விகிதம் ஏறியது. மிச்சமிருந்த கைவேலையும் கைநழுவத் தொடங்கியது.

கடைசியில் இரண்டு விகிதங்கள் வந்தன. ஒவ்வொரு ஜாபுக்கும் மெஷினைத் தயார்செய்யும் செட்டிங்குக்கும் தனிக் கட்டணம் வைத்தோம்; 10 உருப்படியோ 1,000 உருப்படியோ, செட்டிங் ஒன்றுதானே.

ஒரு சச்சரவு மட்டும் தீரவில்லை. மெஷின் சும்மா நிற்கும் மாதத்தில், மூலப்பொருள் போல வேலையின் அளவோடு ஏறி இறங்கும் மாறும் செலவுக்கு மேல் எது வந்தாலும் லாபம் என்பார்கள் விற்பனையில். சரிதான். ஆனால் அதே விலையை வாடிக்கையாளர் அடுத்த முறையும் கேட்பார். அதனால் ‘இந்த ஆர்டருக்கு மட்டும்’ என்று எழுதாத குறைந்த விலை கொட்டேஷனில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.