மேற்குப் பக்கக் கண்ணாடி

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வரைந்த ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. சாலை அந்தப் பக்கம் இருந்ததால் உரிமையாளர் அப்படிக் கேட்டார். நானும் மறுத்துப் பேசவில்லை. அவர்கள் குடிவந்த முதல் மே மாதம் போய்ப் பார்த்தேன். மதியம் மூன்றரை மணி. ஏசி முழு வேகத்தில் ஓடியும் ஜன்னலோர மேசைகள் காலி. மற்றவர்கள் திரையை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் டியூப்லைட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மனசு கஷ்டமாகிவிட்டது.

திரை போட்டும் ஏன் சூடு குறையவில்லை? வெயில் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. திரை அதை வாங்கிச் சூடேறி, அறைக்கே திருப்பிக் கொடுக்கிறது. நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். கல்லூரியில் படித்ததுதான், அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் ஒவ்வொரு சைட்டிலும் வெயில் வரும் கோணத்தைக் குறித்துப் பார்க்க ஆரம்பித்தேன். வடக்கு ஜன்னலுக்கு நிழலே தேவையில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சென்னை இருப்பது சுமார் 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் நமக்கு வடக்கிலிருந்துதான் வருகிறது. அதனால் கத்திரி வெயிலில் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும். மேற்கில் சன்ஷேட் மட்டும் போதாது; சாயங்கால வெயில் தாழ்ந்து வந்து அதன் அடியில் நுழைந்துவிடும். அங்கே செங்குத்தான தடுப்போ, துளைகள் விட்டுக் கட்டும் ஜாலிச் சுவரோதான் கைகொடுக்கும். இடம் அமைந்தால் படிக்கட்டையும் கழிவறையையும் அந்தப் பக்கம் தள்ளிவிடுவேன்.

புதுச்சேரியில் கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியை நினைத்தால் இன்னும் ஆச்சரியம்தான். 1930களில் வேலை தொடங்கிய கட்டடம் அது. நீளப் பக்கங்கள் இரண்டும் வடக்கும் தெற்கும் பார்த்தவை. அவை முழுக்கத் திறந்து மூடும் பட்டைகள். வெயிலை மறித்துக் காற்றை விடுகின்றன. கூரைத் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவில் காற்று இடைவெளி. ஏசி இல்லாமலே அங்கே இருக்க முடிகிறது.

வீடுகளுக்காக 2018இல் வந்த மத்திய அரசின் ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பான எகோ நிவாஸ் சம்ஹிதா, சுவரும் ஜன்னலும் உள்ளே விடும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால், கண்ணாடி கேட்டு வருபவர்களும் கொஞ்சம் நின்று யோசிக்கிறார்கள்.

அந்தப் பழைய கட்டடத்தின் மேற்குப் பக்கத்துக்கு வெளித்தடுப்பு வரைந்து, போன மாதம் உரிமையாளரிடம் கொடுத்தேன். கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஜன்னலோர மேசைகளில் ஆட்கள் விளக்குப் போடாமல் உட்கார வேண்டும்.