விளக்கே எரியாத சென்சார் கோளாறு

செக் என்ஜின் விளக்கு எரிந்திருந்தால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். கடைசிவரை எரியவே இல்லை. பத்து வயதை நெருங்கும் பெட்ரோல் கார். மைலேஜ் இறங்கிக்கொண்டே வந்தது, புகையில் பெட்ரோல் வாடை. ஓடிய சூட்டோடு நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பினால் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. என் வண்டியில் வெப்பமானி முள் கிடையாது. என்ஜின் குளிர்ந்திருந்தால் எரியும் நீல விளக்கு மட்டும்தான். திருச்சி வெயிலிலும் அது அணைய வெகுநேரம் பிடித்தது.

மெக்கானிக் அண்ணன் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்தார். என்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை, அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வு அது. "வால்வு திறந்தபடியே மாட்டிக்கிட்டிருக்கும் தம்பி" என்றார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதைக் கழற்றாமலே சோதிக்கலாம். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பார்த்தோம் (ஃபேன் பக்கம் கை போகக் கூடாது). வால்வு திறந்தே இருந்தால் ஹோஸ் முதலிலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறும். இதுவோ கொஞ்ச நேரம் குளிர்ந்தே கிடந்து, பிறகு சட்டென்று கொதித்தது. தெர்மோஸ்டாட் மீது தப்பில்லை.

அப்புறம் வண்டியின் கணினி பார்க்கும் அளவுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை, அதாவது ப்ளூடூத் ஓபிடி கருவியை மாட்டினேன். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், கூலன்ட் வெப்பமும் உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 27 டிகிரி, கூலன்ட் 23. பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். என்ஜின் நன்றாகச் சூடான பின் பார்த்தால் கூலன்ட் 57-ஐத் தாண்டவில்லை. தெர்மோஸ்டாட் மூடியில் கறுப்பு டேப் ஒட்டி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பிடித்தால் 85-க்கு மேல் காட்டியது. டேப் ஏன் என்றால், பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேரே பிடித்தால் அந்தக் கருவி குறைத்துக் காட்டும்.

ஆக, என்ஜின் சூடாகத்தான் இருக்கிறது. என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குத்தான் அது தெரியவில்லை. இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நம்பி பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுகிறது. கூலன்ட் வெப்பத்தை ஈசியூவுக்குச் சொல்லும் சென்சாரின் வயர் அறுந்தால் மைனஸ் 40 டிகிரி என்று தெரியும், பி0118 என்ற கோளாறு கோட் விழும். ஷார்ட் ஆனால் பி0117. ஆனால் 57 என்பது நடக்கக்கூடிய வெப்பம்தானே, என் வண்டியின் ஈசியூ அதைச் சந்தேகிக்கவே இல்லை.

சென்சாரை மாற்றிவிடலாம் என்றார் அண்ணன். முதலில் அளந்து பார்ப்போமே என்றேன். இந்தச் சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 90 டிகிரியில் சுமார் 240 ஓம். சூடான நிலையில் கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரு பின்களில் மல்டிமீட்டரை வைத்தோம். 250-ஐ ஒட்டி வந்தது. சென்சார் சொல்வது சரி.

அடுத்து, கழற்றிய கனெக்டரின் இரண்டு துளைகளையும் ஒரு சின்ன வயரால் இணைத்தேன். இரண்டு வயர் உள்ள கூலன்ட் சென்சாரில் மட்டுமே இதைச் செய்யலாம், மற்ற சென்சார்களில் வேண்டாம். ஸ்கேனர் உச்ச வெப்பத்துக்குத் தாவியிருக்க வேண்டும். 72-இல் நின்றது. அதாவது சென்சாரே இல்லாமல் வழியில் சுமார் 400 ஓம் தடை உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காலையில் சென்சாரின் தடை 1900 ஓம் என்றால் அதோடு 400 சேர்வது நாலைந்து டிகிரி வித்தியாசம்தான். சூட்டில் 250-ஓடு அதே 400 சேர்ந்தால் முப்பது டிகிரி காணாமல் போகிறது! காலையில் அற்பமாகத் தெரிந்த 23-க்கும் மதியம் பார்த்த 57-க்கும் காரணம் ஒன்றே.

கனெக்டருக்குள் பூசணம் போலப் பச்சையாக உலோக அரிப்பு, ஈரம். தொட்டுப் பார்த்தால் கூலன்ட். சென்சாரின் உடம்பு வழியாகவே பின்களுக்குக் கசிந்திருக்கிறது. அளவு சரியாகக் காட்டினாலும் சென்சார் கெட்டதுதான். அதை விட்டுவிட்டு கனெக்டரை மட்டும் சுத்தம் செய்திருந்தால் மறுபடி பூத்திருக்கும். இரண்டையும் மாற்றினோம். கனெக்டர் வயரை நல்ல செம்பு தெரியும்வரை பின்னால் வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டார் அண்ணன்.

என்ஜின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். கூலன்ட்டை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி நிற்கும்வரை ஓடவிட்டோம். சென்சாரைச் சுற்றிக் காற்று தங்கினால் புதுச் சென்சாரும் பொய் சொல்லும்.

கடைசிச் சோதனை ஃபேன். 57 என்று நம்பும் ஈசியூ ஃபேனைப் போடாது. ஏசி ஓடினால் ஃபேனும் சேர்ந்தே சுழலும் என்பதால்தான் சிக்னல்களில் என்ஜின் கொதிக்காமல் தப்பியது, வெயிலுக்குப் பயந்து நான் ஏசியை அணைத்ததே இல்லை. இப்போது ஏசியை அணைத்து ஓடவிட்டோம். 96-இல் ஃபேன் வந்தது, 91-இல் நின்றது. சூட்டில் ஸ்டார்ட் ஆகும் பிரச்சினையும் போய்விட்டது. சில வாரம் கழித்து கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே ஈரம் இல்லை.