ரீச்சர் கீறிக் காட்டிய யாழ்

எங்கள் சங்கீத ரீச்சர் ஒருநாள் கரும்பலகையில் யாழ் ஒன்றைக் கீறினார். வில்லைப்போல் வளைந்த தண்டு, அதில் வரிசையாக நரம்புகள். "எங்கட ஊரின்ர பேரிலேயே இருக்கிற வாத்தியம். நானும் நேரில கண்டதில்லை பிள்ளையள்" என்றார்.

பல வருடங்கள் கழித்து, ஆம்ஸ்டர்டாமில் ஒரு கச்சேரி இடைவேளையில் மேடையோரம் போய் நின்று ஹார்ப்பைப் பார்த்தேன். அதுவும் யாழ் இனம்தானே. கை இடம் தவறாதிருக்கச் சில நரம்புகள் சிவப்பு, சில கறுப்பு. அடியில் ஏழு பெடல்கள். சுரத்தை அரைப்படி ஏற்றி இறக்குவது காலின் வேலை. சுண்டுவிரல் மட்டும் நரம்பைத் தொடுவதில்லையாம். பக்கத்தில் நின்ற ஒரு டச்சு அம்மா இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ரோசா ஸ்பீரைத் தெரியுமா?" என்று கேட்டார். அன்று தொடங்கியது என் தேடல்.

ரோசா ஸ்பீர் 1891இல் டென் ஹாக் நகரில் பிறந்த யூதப் பெண். ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற கொன்சேர்ட்கெபௌ இசைக்குழுவில் ஹார்ப் வாசித்தவர். இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்தை ஜெர்மானியர் பிடித்த பின், யூதக் கலைஞர்கள் இசைக்குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவரை வெஸ்டர்போர்க் என்ற நாஜித் தடுப்பு முகாமுக்கும், அங்கிருந்து தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கும் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பினார். திரும்பியவர் மறுபடியும் ஹார்ப் முன்னால் உட்கார்ந்தார் என்பதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எங்களுக்கு அது வெறும் செய்தி அல்ல.

நல்ல மாணவர்களையும் உருவாக்கினார். அவரிடம் படித்த ஃபியா பெர்க்ஹவுட், போருக்குப் பின் அதே இசைக்குழுவின் முதல் ஹார்ப் கலைஞராக 1961வரை இருந்தார். அப்புறம் பிரெயுகெலன் என்ற ஊரில் பல நாட்டு ஹார்ப் கலைஞர்களைக் கூட்டி 'ஹார்ப் வாரங்கள்' நடத்தினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1983இல் மாஸ்ட்ரிக்டில் முதல் உலக ஹார்ப் மாநாடு நடந்தது.

ரோசாவுக்கு இன்னொரு ஆசை இருந்தது: வயதான கலைஞர்கள் ஒன்றாக வாழவும், தங்கள் கலையைத் தொடரவும் ஒரு வீடு. 1967இல் அவர் காலமானார். லாரன் என்ற ஊரில் அந்த வீடு 1969இல் திறந்தது. இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

போன மாதம் ஹார்ப் படத்தை ரீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ரோசாவின் கதையையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நரம்பு எத்தனை எண்டு எண்ணிப் பாத்தனியோ?" என்றார்.

"ஓம் ரீச்சர், 47."