இமை ஆபரேஷன் ஏமாற்றிவிட்டதா? முதலில் ஒரு ஸ்கேலை எடுங்கள்

அறுபது வயது நிறைவுக்கு நடத்தும் சாந்திக் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் நடக்கிற வேலைகளில் இப்போது இதுவும் ஒன்றாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிப்பு, பித்தளைச் சாமான்களைத் துலக்கி வைப்பது, பட்டு எடுப்பது, அப்படியே மதுரைக்கோ சென்னைக்கோ போய் மேலிமைத் தொய்வையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் பையையும் எடுத்துவிட்டு வருவது. விழா முடிந்து ஆல்பம் வருகிறது. ஒரு கண் சின்னது, ஒரு கண் பெரிது. இல்லையென்றால் இரண்டு கண்ணும் திடுக்கிட்டு விழித்தது போல. பந்தியிலேயே யாராவது "என்ன ஆச்சி, கண்ணு ஒரு மாதிரி இருக்கே, தூங்கலையா?" என்று கேட்டிருப்பார்கள். அடுத்த வாரமே வேறொரு டாக்டரைத் தேடிப் போய் "இதைச் சரிபண்ணிக் கொடுங்க" என்று உட்காருகிறார்கள். முதல் கத்தி தப்பவிட்ட கண்ணைக்கூட அவசரமாக வைக்கிற இரண்டாவது கத்தி கெடுத்துவிடும்.

எல்லாரும் ஏமாற்றம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் வீக்கம் வடியாத கண் வேறு, தோலே காரணமாக இல்லாத கண் வேறு, அளவுக்கு மேல் தோலோ கொழுப்போ போய்விட்ட கண் வேறு. உங்களுடையது இதில் எது என்று தெரியாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

நாள் கணக்கிலிருந்து தொடங்குவோம். மேலிமைத் தையலை 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். ரத்தக்கட்டு கறுப்பு, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறைய இரண்டு வாரம். பெரிய வீக்கம் ஆறு வாரத்தில் அடங்கும், மிச்ச வீக்கத்துக்கு மூன்று மாதம் ஆகும். தையல் கோட்டின் சிவப்பும் தடிப்பும் போய் அது தோலோடு சேர 6 மாதம் முதல் ஒரு வருடம் பிடிக்கும். இந்த வீக்கம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வடியாது. ஒருக்களித்துப் படுக்கிற பக்கம் காலையில் உப்பியிருக்கும். இமையின் முன்பக்கத்தில் வீக்கம் இருக்கும்வரை மடிப்பு உண்மையில் இருப்பதைவிட உயரமாகத் தெரியும், அது வடிந்ததும் தானாகக் கீழே இறங்கும். மூன்றாவது வாரத்தில் "கண் மாறிப்போச்சு" என்று அழுகிற கண்ணைப் பற்றி மூன்றாவது மாதம் வரை தீர்ப்புச் சொல்லவே முடியாது. இதனால்தான் விழாவுக்குக் குறைந்தது மூன்று மாதமாவது முன்னால் செய்திருக்க வேண்டும் என்கிறோம். மார்கழியில் ஆபரேஷன், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடை என்ற திட்டமும் உதவாது. வெயிலும் வியர்வையும் புழுதியும் பட்ட புதுத் தழும்பு நம் தோலில் கறுத்துப்போகும். பிறகு அது மங்கப் பல மாதம் ஆகும்.

மூன்று மாதம் தாண்டியும் மனம் ஆறவில்லையா? அளந்து பாருங்கள். முதலில் படம். நம் வீடுகளில் வளவில், அதாவது நடு முற்றத்தில், நின்று எடுக்காதீர்கள். நடுப்பகலில் வெளிச்சம் மேலேயிருந்து நேராக இறங்குவதால் யாருக்குமே கண்ணுக்குக் கீழே குழி விழுந்தது போலத்தான் இருக்கும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு முகப்பில் வாசலைப் பார்த்து நின்று, கேமராவைக் கண் மட்டத்துக்கு வைத்து எடுக்கச் சொல்லுங்கள். நேர்ப்பார்வை, மேலே, கீழே, மெதுவாக மூடியது, இரண்டு பக்கவாட்டு என்று ஆறு படம். மாதம் ஒருமுறை அதே இடம், அதே நேரம். ஆபரேஷனுக்கு முன் எடுத்த பழைய படங்களையும் தேடி எடுங்கள். பல முகங்களில் புருவமும் கண்ணும் முதலிலிருந்தே ஏற்றத்தாழ்வாக இருந்திருக்கும். தோலை எடுத்த பிறகுதான் அது கண்ணில் படும்.

அடுத்தது ஸ்கேல். அளக்க இன்னொருவர் வேண்டும். நெற்றியைத் தளர விட்டு நேராகப் பாருங்கள். எதிரில் இருப்பவர் சின்ன டார்ச்சைத் தன் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் உங்கள் கருவிழியில் ஒரு வெளிச்சப் புள்ளி விழும். அந்தப் புள்ளியிலிருந்து மேலிமை ஓரம் வரை சாதாரணமாக 4 முதல் 5 மி.மீ. இருக்கும். ஸ்கேலைக் கண்ணில் படாமல் முன்னால் பிடிக்க வேண்டும். 2 மி.மீ.க்கும் குறைவென்றால் இமையைத் தூக்கும் தசையே தளர்ந்திருக்கிறது, அதற்குத் தோலை வெட்டுவது மருந்தே இல்லை. இரண்டு கண்ணுக்கும் 1 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே போட்டோவில் தெரியும். பிறகு கீழே பார்க்கச் சொல்லி, இமைமயிர் வேரிலிருந்து மடிப்பு வரை அளக்க வேண்டும். பெண்களுக்கு 8 முதல் 10, ஆண்களுக்கு 7 முதல் 8 மி.மீ. என்பது வழக்கமான கணக்கு. கண்ணை மூடியிருக்கும்போது புருவத்தின் கீழோரத்திலிருந்து இமைமயிர் வரை மொத்தத் தோல் சுமார் 20 மி.மீ. மிஞ்சியிருக்க வேண்டும். இந்த எண் 15, 16 என்று வந்தால் மேற்கொண்டு தோல் எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, மல்லாந்து படுத்துத் தூங்குவது போல மெதுவாகக் கண்ணை மூடுங்கள். இடுக்கில் வெள்ளை தெரிகிறதா? முதல் சில வாரங்கள் 1, 2 மி.மீ. திறந்திருப்பது சகஜம். மூன்று மாதத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் கருவிழி இரவெல்லாம் காய்கிறது என்று பொருள்.

அளவெல்லாம் சரி, ஆனாலும் ஆசைப்பட்டது நடக்கவில்லை என்பவர்கள்தான் அதிகம். இங்கே குற்றம் கத்தியில் இல்லை, தேர்வில் இருக்கிறது. கருவளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நிறத்துக்குக் கண்ணைச் சுற்றிய கறுப்பில் பெரும்பங்கு தோலின் நிறமிதான், கொஞ்சம் மெல்லிய தோலுக்கடியில் தெரியும் ரத்தநாளம், கொஞ்சம் பையின் நிழல். ஆபரேஷன் தொடுவது அந்த நிழலை மட்டும். நிறமி அப்படியே இருக்கும். பையிலிருந்த கொழுப்பைத் தாராளமாக எடுத்துவிட்டால் பள்ளம் விழுந்து புது நிழல் வேறு சேரும். அப்பத்தாளுக்கும் ஆத்தாளுக்கும் இருந்த கறுப்பு கத்தியால் போகாது என்று முதல் நாளே சொல்லாத டாக்டர் வேலையைப் பாதிதான் செய்திருக்கிறார்.

புருவம் இன்னொன்று. வயதாகப் புருவம் இறங்கும், அதைத் தூக்கிப் பிடிக்க நெற்றித் தசை நாளெல்லாம் உழைக்கும். நெற்றியில் ஆழமான குறுக்குக் கோடு இருப்பவர்களைப் பாருங்கள், விஷயம் விளங்கும். மேலிமைத் தோலை எடுத்ததும் பார்வையை மறைத்த பாரம் போய்விடுகிறது, நெற்றி ஓய்வெடுக்கிறது, புருவம் சரிகிறது. ஆறு மாதத்தில் கண் பழையபடி கனமாகிவிடும். "தோல் மறுபடி வளந்துடுச்சு" என்பார்கள். வளரவில்லை, மேலேயிருந்து இறங்கியிருக்கிறது. இவர்களுக்குத் தேவை புருவத்தை உயர்த்தும் சிகிச்சை. மறுபடியும் இமைத் தோலை வெட்டினால் புருவம் இன்னும் கண்ணுக்குப் பக்கத்தில் வந்து முகம் கோபமாகத் தெரியும்.

சிங்கப்பூர், கோலாலம்பூர் சொந்தங்கள் அனுப்புகிற படங்களும் குழப்பம் செய்கின்றன. அங்கே பலர் செய்துகொள்வது மடிப்பே இல்லாத இமையில் புதிதாக மடிப்பு உண்டாக்கும் ஆபரேஷன். நம்மில் பெரும்பாலோருக்கு மடிப்பு பிறவியிலேயே உண்டு. அந்தப் படத்தைக் காட்டி "இப்படி வேணும்" என்று கேட்டு மடிப்பை உயர்த்திக்கொண்டால் முகத்துக்கு ஒட்டாது. தாழ்ந்த மடிப்பைப் பிறகு உயர்த்துவது எளிது. உயர்ந்த மடிப்பை இறக்குவது கைதேர்ந்தவர்களுக்கே கடினம்.

இனி, நிஜமாகவே அளவுக்கு மேல் போன கண். மேலிமையில் என்றால் கண் முழுதாக மூடாது. காலையில் எரிச்சல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல், படிக்கும்போது எழுத்து மங்கிச் சிமிட்டினால் தெளிவது என்று வரும். கொழுப்பு போயிருந்தால் மூக்கோரத்தில் கூரை முகடு போல ஒரு பள்ளம். கீழிமையில் என்றால் இமை கீழே இழுபட்டுக் கருவிழிக்கு அடியில் வெள்ளை தெரியும், கடைக்கண் கூர்மை போய் வட்டமாகும். கண்ணீர் வடியும் சிறுதுளை வெளிப்பக்கம் திரும்பிவிட்டால் நீர் உள்ளே போகாமல் கன்னத்தில் வழியும். கீழிமை ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கே இது அதிகம். இமையைக் கிள்ளி முன்னால் இழுத்தால் கண்ணைவிட்டு 6 மி.மீ.க்கு மேல் வந்தாலோ, விட்டதும் உடனே போய் ஒட்டாவிட்டாலோ தளர்ந்த இமை. இதை ஆபரேஷனுக்கு முன்னால் பார்த்து, தோல் எடுக்கும்போதே கடைக்கண் பக்கம் இமையை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும்வரை கருவிழியைக் காப்பது உங்கள் கையில். கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் 0.5% சொட்டு ஒரு நாளைக்கு நான்கு முறை. அதற்கு மேல் தேவைப்பட்டால் கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் (preservative) கலக்காத, ஒருமுறை பயன்படுத்தும் குப்பிகள். படுக்கும்போது கண்ணுக்கான பசைக் களிம்பைத் தடவி, இமையைக் கையால் முழுதாக மூடி, மெல்லிய காகித டேப் ஒட்ட வேண்டும். பாதி திறந்த கண்ணில் டேப் கருவிழியை உரசினால் புண்ணாகும், ஆகவே மூடியதை இன்னொருவர் பார்த்து உறுதி செய்யட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க வேண்டாம். மிளகாய் வறுக்கும் நேரம் அடுப்படிப் பக்கமே போக வேண்டாம். மெடிக்கலில் "கண்ணு சிவப்புக்கு" என்று கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், கண் அழுத்தம் ஏறும், நாள்பட்டால் புரையும் வரும். வலியோடு வெளிச்சம் கூசி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றே கண் மருத்துவமனை.

கீழிமை லேசாக இழுபட்டிருந்தால் முதல் சில மாதம் மேல்நோக்கி நீவிவிடுவதே பலன் தரும், ஆனால் எப்போது தொடங்குவது என்பதை வெட்டியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தடித்த தழும்புக்கு சிலிக்கான் ஜெல். ஸ்டீராய்டு ஊசியும் போடுவார்கள், அளவு மிஞ்சினால் நம் தோலில் வெளுத்த புள்ளி விழும், தோலும் மெலியும். பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி சின்ன வேலை என்று பியூட்டி கிளினிக்குகளில் சொல்வதை நம்பாதீர்கள். கண்ணைச் சுற்றிய ரத்தநாளத்துக்குள் அது புகுந்தால் பார்வை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

மறு ஆபரேஷனுக்குக் குறைந்தது 6 மாதம் காத்திருப்பது வழக்கம். கருவிழி ஆபத்தில் இருந்தால் மட்டும் முன்னதாகச் செய்வார்கள். பற்றாத தோலைக் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்து ஒட்டலாம், நிறமும் தடிமனும் முழுதாகப் பொருந்தாது. இழுபட்ட கீழிமைக்குக் கடைக்கண் நாணை இறுக்குவதோடு சில சமயம் மேலண்ணத்துச் சவ்வை இடையில் வைத்து உயர்த்த வேண்டியிருக்கும். இதற்குப் போக வேண்டியது இமை, கண்குழிச் சீரமைப்பில் தனிப்பயிற்சி பெற்ற கண் டாக்டரிடம். மதுரையில் 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையிலும், சென்னை சங்கர நேத்ராலயாவிலும் அதற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். முதல் ஆபரேஷன் குறிப்பு வேண்டும்: எத்தனை மி.மீ. தோல், தசை எடுத்தார்களா, கொழுப்பு எடுத்தார்களா, முன்படங்கள், கையெழுத்திட்ட சம்மதப் படிவம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. ஆவணத்தை 3 வருடம் வைத்திருக்கவும் வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 வருடத்துக்குள். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்கு அது சிவகங்கை. ஆனால் "எதிர்பார்த்த அழகு வரவில்லை" என்பது மட்டும் அங்கே கவனக்குறைவு ஆகாது. முன்பரிசோதனை செய்யாதது, ஆபத்தைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியது இவையே எடுபடும்.

இரண்டாவது முறை படுப்பதாக முடிவானால், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, ஆபரேஷன் செய்பவரிடம் மறைக்கவும் கூடாது. முதல் ராத்திரி மதுரையிலேயே தங்குங்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிவது மிக அரிது, வந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான் வரும். கண் பிதுங்கிக் கல்லாகி, வலி ஏறி, பார்வை மங்கினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரைக்குச் சாலையில் ஆகிற நேரமே ஏறக்குறைய அவ்வளவு. ஊரில் இருக்கும்போது வந்துவிட்டால் பக்கத்து அவசரப் பிரிவுக்கே ஓடுங்கள். தையலைப் பிரித்து, கடைக்கண்ணில் சிறிதாக வெட்டிவிட்டால் கண் பிழைக்கும்.

ஆபரேஷன் அன்று கோடு போடுவதைப் படுக்க வைத்துச் செய்ய விடாதீர்கள். படுத்தால் புருவமும் கன்னமும் பின்னால் சாய்ந்து கணக்கு தப்பும். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு இமை உப்பிவிடும், அப்போதும் அளவு பொய். ஊசிக்கு முன்னால், உட்கார்ந்த நிலையில், கோடு போட்டதும் கைக்கண்ணாடி கேட்டு வாங்கி இரண்டு பக்கத்தையும் பாருங்கள். கோட்டுக்கு மேலே எத்தனை மி.மீ. மிஞ்சுகிறது என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குகிறவர் என்றால் கோட்டைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், ஸ்பிரிட்டில் அழிந்துவிடும்.